சென்னை மணற்கரையின் முட்புழுக்கள்: ஒரு சிற்றினம் பெயர் பெற்ற வரலாறு

சென்னைக் கடற்கரையின் மணல் பருக்கைகளுக்கு நடுவே, கண்ணுக்கு எளிதில் தட்டுப்படாத மெல்லிய கடற்புழுக்கள் பல வாழ்கின்றன. 1940-களில் சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆர். கோபால ஐயரும், அவருடன் ஆய்வு செய்த கே. எச். அலிக்குஞ்ஞியும் இவற்றில் பலவற்றை அறிவியலுக்குப் புதிய சிற்றினங்கள் என்று விவரித்துப் பெயர் சூட்டினார்கள். பிசியோனிடென்ஸ் இண்டிகா, பாலிகார்டியஸ் மதராசென்சிஸ், சாக்கோசிர்ரஸ் மைனர் முதலிய அந்தப் பெயர்கள் இன்றும் உலகின் கடலுயிர்ப் பட்டியல்களில் இருக்கின்றன. பெயர் சூட்டியவர்களைத்தான் தமிழ் வாசகர்கள் அதிகம் அறியவில்லை. இருவரில் ஒருவருடைய பிற்கால வேலை, கடலே இல்லாத சேலம், நாமக்கல் பகுதியின் ஏரிகளிலும் மேட்டூர் அணையிலும் மீன் பிடிப்பவர்களுக்குக்கூடப் பயன்பட்டது. அதைப் பிறகு பார்ப்போம்.

முட்புழு என்பது

பள்ளிப் பாடநூலில் வளைதசைப்புழுக்கள் என்ற தொகுதியில் மண்புழு, அட்டை, நீரிஸ் ஆகிய மூன்றையும் படித்திருப்போம். மூன்றாவதான நீரிஸ் பாலிகீட்டா என்ற வகுப்பைச் சேர்ந்தது. பாலிகீட்டா என்ற கிரேக்க வழிச் சொல்லுக்குப் பல முள்மயிர்களை உடையது என்று பொருள். மண்புழுவின் உடலிலும் சீட்டா எனப்படும் முள்மயிர் உண்டு. விரலால் பின்னிருந்து முன்னாகத் தடவினால் சொரசொரப்பாகத் தெரியும். ஆனால் மண்புழுவுக்கு அவை சிலவே. நீரிஸ் வகைப் புழுக்களுக்கு ஒவ்வொரு கண்டத்தின் இரு பக்கத்திலும் தசையாலான பக்கக்கால் ஒன்று நீண்டிருக்கும். அதிலிருந்து கற்றைகற்றையாக முட்கள் வெளிவரும். பூரானைப் பார்த்த கண்ணுக்கு இது அதன் உறவினர் போலத் தோன்றும். உண்மையில் இரண்டுக்கும் நெருங்கிய உறவில்லை.

பாலிகீட்டாக்களில் 10,000-க்கு மேற்பட்ட சிற்றினங்கள் பெயரிடப்பட்டுள்ளன. கைநீளத்துக்கும் மேல் வளர்ந்து பாறை இடுக்கில் கிடப்பவை உண்டு. சுண்ணாம்புக் குழாய் கட்டிக்கொண்டு விசிறிபோல் உணர்கொம்புகளை விரிப்பவை உண்டு. இக்கட்டுரைக்கு உரியவை மிகச் சிறியவை. இவை மணலைத் தோண்டி வளை அமைப்பதில்லை. பருக்கைக்கும் பருக்கைக்கும் இடையில் நீர் தேங்கும் சந்துகளே இவற்றின் வீடு. அலை வந்து போகும்போதெல்லாம் அந்தச் சந்துகளில் புது நீர் ஏறி இறங்குகிறது. மணல் மிக நுண்ணியதாக இருந்தால் சந்து அடைபட்டுப்போகும். பருமணலாக இருந்தால் புழுவுக்கு இடமும் காற்றும் கிடைக்கும்.

அதுவரை பெயர் வைத்தவர்கள்

இந்தியக் கடற்புழுக்களின் பெயர்கள் நெடுங்காலம் ஐரோப்பாவில்தான் எழுதப்பட்டன. இதற்கு முத்துக்குளிப்பும் ஒரு காரணம். மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி சில ஆண்டுகளில் குவிந்தும் பல ஆண்டுகளில் முற்றிலும் இல்லாமலும் போவதன் காரணத்தை அறிய அரசுகள் விலங்கியலாளர்களை அனுப்பின. இலங்கை அரசுக்காக 1902-இல் வந்த பேராசிரியர் ஹெர்ட்மன் சேகரித்த பாலிகீட்டாக்களை ஆராய்ந்து 1905-இல் அறிக்கை எழுதியவர் ஆர்தர் வில்லி. அவர் அப்போது கொழும்பு அருங்காட்சியகத்தின் தலைவர். அதற்கு முன்பே, 1874-இல், ஹோல்ட்ஸ்வொர்த் என்பவர் இலங்கைக் கடலில் சேகரித்த புழுக்களை ஜெர்மானிய அறிஞர் குரூபே லத்தீனில் விவரித்திருந்தார்.

இந்தியப் பக்கத்தில், சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எப். எச். கிரேவ்லி பாம்பனுக்கு அருகிலுள்ள குருசடைத் தீவின் கரையோர உயிரினங்களைப் பற்றி 1927-இல் ஒரு தொகுப்பு வெளியிட்டார். தீவு சிறியது, ஆனால் அதன் பவளப்பாறைகளிலும் சேற்றிலும் கிடைத்த உயிரினங்கள் ஏராளம். அருங்காட்சியகத்தின் பாலிகீட்டாக்களை முறையாக ஆராய்ந்து அத்தொகுப்புக்குத் துணைநூலாக 1930-இல் எழுதியவர் பியர் ஃபாவெல். அவர் பிரான்சின் ஆஞ்சே நகரில் பேராசிரியர். கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தின் புழுக்களைப் பற்றியும் அவரே 1932-இல் எழுதினார். இந்தியா, பாகிஸ்தான், இலங்கை, பர்மா, மலேயா ஆகிய நாடுகளின் பாலிகீட்டாக்களைத் தொகுத்த அவருடைய பெருநூல் 1953-இல் அலகாபாத்தில் அச்சானது. 1866-இல் பிறந்தவர் அவர்; அந்நூல் வரும்போது வயது எண்பதைத் தாண்டியிருந்தது. இன்றும் இந்தியாவில் பாலிகீட்டா படிக்கத் தொடங்குபவர் முதலில் தேடுவது அந்நூலைத்தான்.

இந்த வரிசையில் அயர்லாந்துக்காரர் ரோலண்ட் சதர்னையும் சொல்ல வேண்டும். ஒடிசாவின் சில்கா ஏரியையும் இந்தியாவின் பிற உப்புநீர், நன்னீர் நிலைகளையும் சேர்ந்த பாலிகீட்டாக்களை 1921-இல் விவரித்தவர் இவர். அப்போது ஒரு புழுவுக்கு மார்ஃபிசா கிரேவ்லியை என்று பெயர் வைத்தார். கிரேவ்லியின் நினைவாக வைத்த பெயர். இதே சதர்ன் சில ஆண்டுகளுக்கு முன் தம் நாட்டின் மேற்குக் கரையில் உள்ள கிளேர் தீவில் ராபர்ட் லாயிட் பிரேகர் நடத்திய பெரிய உயிரின ஆய்வில் பங்கு கொண்டார். அங்கே கிடைத்த ஒரு நுண்புழுவுக்கு 1914-இல் பிரேகரின் பெயரால் பிரேகெரியா என்ற புதிய பேரினத்தை அமைத்தார். அட்லாண்டிக் குளிரில் கிடைத்த அந்தப் புழுவின் உறவினர் சென்னை வெயிலில் காத்திருந்தது அவருக்குத் தெரியாது.

மணலுக்குள் பார்த்தவர்கள்

கோபால ஐயர் முட்புழுவுக்குப் புதியவர் அல்லர். மார்ஃபிசா கிரேவ்லியை சென்னையில் இனப்பெருக்கம் செய்வதையும் அதன் முட்டைகள் வளர்வதையும் கவனித்து 1931-இல் கட்டுரை வெளியிட்டவர். அருங்காட்சியகப் புட்டிக்குள் செத்து வெளுத்த புழுவுக்கும், ஊன்பசை போன்ற உறையில் முட்டையிடும் உயிருள்ள புழுவுக்கும் உள்ள வேறுபாடு அவருக்குத் தெரிந்திருந்தது. பின்னால் வந்த மணற்புழு ஆய்வுகளின் தன்மையை இதுவே தீர்மானித்தது என்று நினைக்கிறேன்.

மணல் சந்துகளில் வாழும் உயிரினங்களைத் தனி உலகமாகப் பார்க்கும் வழக்கம் அப்போது உலகிலேயே புதிது. ஜெர்மனியின் கீல் நகரில் அடால்ஃப் ரெமானே 1920-களில்தான் இதைப் பெரிய அளவில் தொடங்கினார். 1935-இல் நிக்கல்ஸ் மணற்சந்து உயிரினங்களைக் குறிக்கும் சொல்லை வழங்கினார். இந்த அளவிலுள்ள உயிர்களுக்கு இன்று வழங்கும் பொதுப்பெயரை மாலி மேர் என்ற ஆங்கிலேயப் பெண் ஆய்வாளர் அமைத்தது 1942-இல். சென்னையின் முதல் கட்டுரை 1940-இல் வந்துவிட்டது. ஐரோப்பாவைப் பின்பற்றி முப்பது ஆண்டு கழித்துச் செய்த வேலை இல்லை இது. அதே காலத்தில் நடந்தது. நம் பாடநூல்களில் இதற்கு ஒரு வரி இடம் கொடுத்திருக்கலாம்.

இதில் வேலை எப்படி நடக்கும்? நீர் வற்றிய நேரத்தில் அலை தொடும் இடத்தில் மணலைத் தோண்டி வாளியில் எடுக்க வேண்டும். மணலோடு சேர்த்தே சாராயத்தில் போட்டால் எல்லாம் சுருண்டு மணலோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே கடல்நீர் ஊற்றிக் கலக்கி, மணல் அடியில் தங்கியதும் மேல்நீரை மெல்லிய துணியில் வடிப்பார்கள். சிறிது நன்னீரோ மயக்கும் உப்புக் கரைசலோ சேர்த்தால் பருக்கையைப் பற்றிக்கொண்டிருக்கும் புழு பிடியை விடும். வடித்ததைக் கண்ணாடித் தட்டில் இட்டு உருப்பெருக்கியின் கீழ் ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். அரிசியில் கல் பொறுக்கத் தெரிந்தவருக்கு இந்தப் பொறுமை புரியும்; ஒரே வேறுபாடு, இங்கே கல் நெளிந்து ஓடும். உயிரோடு இருக்கும்போதே தலை, தாடை, பக்கக்கால், இனப்பெருக்க உறுப்பு எல்லாவற்றையும் வரைந்துவிட வேண்டும். பின்னர் சில புழுக்களை மெழுகில் பதித்து மிக மெல்லிய துண்டுகளாகச் சீவி, சாயமேற்றி, உள்ளுறுப்புகளைப் பார்க்க வேண்டும். ஒரு சிற்றினத்துக்கே பல வாரங்கள் ஆகும்.

சென்னைக் கரையைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு. இன்று நாம் காணும் அகன்ற மெரினா பழங்காலத்தது என்று பலர் எண்ணுகிறார்கள். 1870-களில் தொடங்கிய துறைமுக வேலையில் கடலுக்குள் சுவர் நீண்ட பிறகு, தெற்கிலிருந்து கரையோரமாக நகர்ந்து வரும் மணல் அங்கே தடைபட்டுச் சேர்ந்தது. துறைமுகத்துக்கு வடக்கே கரை அரிக்கப்பட்டது. சேப்பாக்கத்தில் பல்கலைக்கழகத்துக்கு எதிரே இருக்கும் மணல்வெளி அப்படி வளர்ந்ததுதான்.

1940: ஒரு புதிய பிசியோனிட்

இந்திய அருங்காட்சியகத்தின் ஆய்வுப் பதிவேட்டில் 1940-இல் கோபால ஐயர், அலிக்குஞ்ஞி இருவர் பெயரிலும் ஒரு கட்டுரை வந்தது. சென்னை மணற்கரையில் கிடைத்த, பிசியோனிட் குடும்பத்தைச் சேர்ந்த புதிய புழு ஒன்றை அது விவரித்தது. பிசியோனிட் புழுக்கள் நூல்போல் மெலிந்து நீண்டவை. தலையில் ஒரு சோடித் தடித்த உணர்நீட்சிகள் முன்னோக்கி நிற்கும். தொண்டையை வெளியே தள்ளினால் அதில் தாடைகள் தெரியும்.

இக்குடும்பத்தின் ஆண் புழுவுக்குக் கலவி உறுப்புகள் உண்டு என்பதுதான் சிறப்பு. பெரும்பாலான கடற்புழுக்கள் முட்டையையும் விந்தையும் கடல்நீரில் கொட்டிவிடும். ஆயிரக்கணக்கில் கொட்டினால் சில பிழைக்கும் என்பதே அவற்றின் கணக்கு. மணல் சந்தில் வாழும் சிறு உடலில் ஆயிரக்கணக்கான முட்டைக்கு இடமேது? இருக்கும் சிலவற்றை வீணாக்காமல் கருவுறச் செய்ய, விந்தை நேரடியாகப் பெண்ணிடம் சேர்ப்பதே வழி. இது போன்ற சிறு உடலமைப்பை விளக்கக் கையில் உயிருள்ள புழு வேண்டும். வயதறிந்து பல புழுக்கள் வேண்டும். கடற்கரைக்கு அருகிலேயே ஆய்வுக்கூடம் இருந்ததன் பயன் இங்கே தெரிகிறது.

புழு புதியது என்பதில் ஐயமில்லை. பெயர்தான் சிக்கலானது. அவர்கள் புழுவுக்குப் புதிய பேரினம் ஒன்றை ஏற்படுத்தி, அதற்குப் பிசியோனெல்லா என்று பெயரிட்டு, முழுப்பெயரைப் பிசியோனெல்லா இண்டிகா என்று வைத்தார்கள். ஆனால் அமெரிக்காவில் ஓல்கா ஹார்ட்மன் பசிபிக் கடற்பயணத்தில் கிடைத்த புழுக்களை எழுதும்போது, முந்தைய ஆண்டான 1939-இல், வேறொரு பிசியோனிட் புழுவுக்கு அதே பேரினப் பெயரை வைத்துவிட்டார். விலங்கியல் பெயரிடும் விதியின்படி ஒரே பேரினப் பெயர் இரண்டு வேறு பேரினங்களுக்கு இருக்க முடியாது, முந்தியது நிலைக்கும். இருவரும் தனித்தனியே, ஒரே குடும்பத்துப் புழுவுக்கு, ஒரே சொல்லை யோசித்ததில் வியப்பு ஒன்றுமில்லை. குடும்பப் பெயரோடு சிறுமை காட்டும் லத்தீன் ஈற்றைச் சேர்த்தால் வரும் பெயர் அது.

1943-இல் சென்னை ஆய்வாளர்களே தங்கள் பேரினத்துக்குப் பிசியோனிடென்ஸ் என்று புதுப்பெயர் இட்டார்கள். இதனால்தான் இன்றைய பட்டியல்களில் பேரினத்துக்கு 1943 என்றும் சிற்றினத்துக்கு 1940 என்றும் இரண்டு ஆண்டுகள் காணப்படும். மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விக்கும் இங்கே விடை இருக்கிறது: சிற்றினப் பெயருக்குப் பின் ஆசிரியர் பெயர் சில இடங்களில் அடைப்புக்குறிக்குள்ளும் சில இடங்களில் வெளியிலும் வருவது ஏன்? முதலில் வைத்த பேரினத்திலேயே சிற்றினம் இன்றும் இருந்தால் அடைப்புக்குறி கிடையாது. வேறு பேரினத்துக்கு மாறியிருந்தால் அடைப்புக்குறி வரும். பிசியோனிடென்ஸ் இண்டிகாவுக்குப் பின் ஐயர், அலிக்குஞ்ஞி பெயர்கள் அடைப்புக்குறிக்குள் இருக்கும். அந்த இரண்டு வளைகோடுகளுக்குள் மேலே சொன்ன கதை முழுவதும் அடங்கிவிடுகிறது.

முள் இல்லாத முட்புழுக்கள்

1941-இல் அலிக்குஞ்ஞி தனியாக எழுதிய கட்டுரையில் சதர்னின் பிரேகெரியா பேரினத்தைச் சேர்ந்த புதிய சிற்றினம் ஒன்று சென்னை மணற்கரையிலிருந்து வந்தது. அதற்குப் பிரேகெரியா கோபாலை என்று பெயர் வைத்தார். ஆண் ஒருவர் பெயரை லத்தீனில் உடைமைப் பொருளில் எழுதும்போது ஈற்றில் இகரம் சேரும். கிரேவ்லியை, கோபாலை இரண்டும் அவ்வாறு அமைந்தவை. வெள்ளை அதிகாரிகள் பெயரே புழுவுக்கும் பூச்சிக்கும் சூட்டப்பட்டு வந்த காலத்தில், சென்னை ஆசிரியர் ஒருவரின் பெயர் இப்படி ஏறியது. பிறகு பிரேகெரியா என்ற பேரினமே பழைய பிசியோனே என்ற பேரினத்தோடு இணைக்கப்பட்டது. புழு இன்று பிசியோனே கோபாலை. பேரினம் போனாலும் கோபால ஐயர் இருக்கிறார். 1947-இல் பிசியோனே காம்ப்ளெக்சா என்ற மற்றொன்றையும் அலிக்குஞ்ஞி இதே கரையிலிருந்து விவரித்தார். 1951-இல் அயர்லாந்துப் புழுவான பிசியோனே ரிமோட்டாவின் இனப்பெருக்க உறுப்புகளைப் பற்றியும் குடும்பம் முழுவதையும் பற்றியும் ஒரு மதிப்பாய்வு எழுதினார்.

இருவரும் சேர்ந்து 1944-இல் வெளியிட்ட கட்டுரை, என் கணிப்பில், இந்த வரிசையின் சிகரம். சென்னைக் கரையின் ஆர்க்கியன்னெலிடுகளைப் பற்றியது அது. ஆதி வளையப்புழுக்கள் என்று அச்சொல்லைத் தமிழாக்கலாம். பாலிகார்டியஸ், புரோட்டோடிரைலஸ், சாக்கோசிர்ரஸ் முதலிய பேரினங்கள் அதில் அடங்கும். பாலிகார்டியஸ் மதராசென்சிஸ், பாலிகார்டியஸ் யூரோவிரிடிஸ், புரோட்டோடிரைலஸ் பியரன்டோனியை, சாக்கோசிர்ரஸ் மைனர் என்று பல புதிய பெயர்கள் அந்த ஒரு கட்டுரையில் பிறந்தன. பியரன்டோனியை என்பது புரோட்டோடிரைலஸ் பேரினத்தை ஆழமாக ஆராய்ந்த இத்தாலியர் உம்பெர்தோ பியரன்டோனியின் நினைவு.

பாலிகார்டியஸ் புழுவுக்கு முள்ளும் இல்லை, பக்கக்காலும் இல்லை. வழவழப்பான நூல் ஒன்று தலையில் இரண்டு உணர்கொம்புகளோடு நெளிவது போலிருக்கும். முட்புழுவுக்கு முள் இல்லையென்றால் அது எப்படி முட்புழு? அந்தக் காலத்து அறிஞர்கள் சொன்ன விடை: இவைதான் வளைதசைப்புழுக்களின் மூதாதையர்; முள்ளும் காலும் தோன்றுவதற்கு முந்திய எளிய நிலையில் இன்னும் இருப்பவை. ஆர்க்கி என்ற முன்னொட்டுக்கு அதுவே காரணம். ஐயரும் அலிக்குஞ்ஞியும் அந்தத் தலைப்பின் கீழ்தான் எழுதினார்கள்.

பின்னர் ஆய்வு வேறு பக்கம் திரும்பியது. மணல் சந்தில் வாழ்வதற்காக உடல் சிறுத்து, தேவையில்லாத முள்ளும் காலும் மறைந்தவை இவை. எளிமை பின்னால் வந்தது, பழையது இல்லை என்று காட்டினார்கள். வெவ்வேறு பாலிகீட்டாக் கிளைகள் தனித்தனியே மணலுக்குள் இறங்கி ஒன்றுபோல் மாறியிருக்கின்றன. ஆர்க்கியன்னெலிடா என்ற வகுப்பு இன்று வழக்கில் இல்லை. ஆனால் 1944 கட்டுரையின் சிற்றின விவரங்கள் அந்த வகுப்போடு சேர்ந்து விழவில்லை. வகைப்பாட்டுக் கொள்கை மாறும். நன்றாக வரைந்த தலையும் எண்ணிச் சொன்ன கண்டமும் எந்தக் கொள்கைக்காரருக்கும் பயன்படும்.

மேட்டூர் வரை வந்த வழி

அலிக்குஞ்ஞி பின்னர் நன்னீர் மீன்களின் பக்கம் போனார். ஒடிசாவில் கட்டாக்கில் இருந்த மத்திய உள்நாட்டு மீன்வள ஆய்வு நிலையத்தின் குளமீன் வளர்ப்புப் பிரிவில் அவரும் ஹீராலால் சௌத்ரியும் வேலை செய்தார்கள். கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய பெருங்கெண்டை மீன்கள் தேங்கிய குளத்தில் வளரும், ஆனால் முட்டையிடா. வெள்ளம் வரும் ஆற்றில்தான் முட்டையிடும். மீன் வளர்ப்பவர்கள் வடநாட்டு ஆறுகளில் வலை கட்டிப் பிடித்த கலப்புக் குஞ்சுகளையே நம்பியிருந்தார்கள்; எந்தக் குஞ்சு எந்த மீன் என்று வளர்ந்த பிறகுதான் தெரியும். மற்றொரு மீனின் மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசியால் செலுத்தினால் குளத்திலேயே முட்டையிட வைக்கலாம் என்பது 1957-இல் வெற்றியாக நிறுவப்பட்டது. அங்குலில் அவ்வாண்டு ஜூலை 10 அன்று கிடைத்த வெற்றியின் நினைவாகவே ஜூலை 10 தேசிய மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. சௌத்ரி, அலிக்குஞ்ஞி இருவர் பெயரும் அந்நாளோடு சொல்லப்படும். ஊசி போட்டு முட்டையெடுக்கும் முறையின் மூலக் கட்டுரையிலும் இரண்டு பெயர்களும் உள்ளன.

1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையில் இன்று வலையில் விழும் கட்லாவும் ரோகுவும் காவிரிக்கு உரியவை அல்ல. வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட மீன்கள். சேலம், நாமக்கல் வட்டாரத்தில் ஏரிகளைக் குத்தகைக்கு எடுத்து மீன் விடுபவர்கள் குஞ்சு வாங்குவது பண்ணைகளிலிருந்து. அந்தப் பண்ணைகள் ஊசி முறையை அடிப்படையாகக் கொண்டவை. சந்தையில் கிலோ கணக்கில் விற்கும் கட்லாவுக்கும் சென்னை மணலில் நூலாக நெளியும் புழுவுக்கும் இடையே இப்படி ஒரே மனிதர் நிற்கிறார். புழுவின் இனப்பெருக்க உறுப்பை வரைந்து பழகிய கண், மீனின் முட்டைப் பையைப் பார்க்கும்போதும் உதவியிருக்கும் என்பது என் எண்ணம்.

பெயர் நிலைக்குமா

பிசியோனிடென்ஸ் இண்டிகா என்ற பெயர் பிறகு உலகம் சுற்றியது. வெப்பமண்டலக் கடற்கரைகள் பலவற்றிலிருந்து கிடைத்த ஒத்த புழுக்களுக்கும் அதே பெயர் எழுதப்பட்டது. நீந்தத் தெரியாமல் மணலுக்குள் வாழும் புழு இத்தனைக் கடல்களைக் கடந்தது எப்படி என்ற கேள்வி எழத்தான் செய்யும். கப்பல்களின் மணற்சுமை, இளம்புழுவின் மிதப்பு என்று விடைகள் சொல்லலாம். அதைவிட எளிய விடை ஒன்று உண்டு: அவை எல்லாம் ஒன்றே என்று நாம் எண்ணியது தவறாக இருக்கலாம்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு மார்ஃபிசா. மார்ஃபிசா சாங்குவினியா என்ற புழுவை இங்கிலாந்தின் தென்கரையிலிருந்து மாண்டகு என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் விவரித்தார். அதன்பின் உலகெங்கும், இந்தியா உட்பட, கிடைத்த ஒத்த புழுக்களுக்கு அந்தப் பெயரே வழங்கிவந்தது. ஃபாவெலின் தலைமுறைக்கு இது இயல்பு. கடலுக்கு வேலி இல்லை, புழு எங்கும் பரவும் என்று கருதினார்கள். 2003-இல் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தின் பாட் ஹச்சிங்ஸ், கராஜார்கோபௌலோஸ் என்பவரோடு சேர்ந்து, இங்கிலாந்தில் கிடைத்த ஒரு புழுவைப் புதிய வகைமாதிரியாக நிறுத்தி அந்தப் பெயரின் எல்லையை வரையறுத்தார். அதற்குப் பின் பல நாடுகளின் சாங்குவினியாக்கள் தனித்தனிச் சிற்றினங்களாகப் பிரிந்து வருகின்றன. 2020-இல் ஹச்சிங்ஸும் இந்திய ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவினரும் தென்னிந்தியாவிலிருந்து ஒரு மார்ஃபிசாவைப் புதியதாக விவரித்து மார்ஃபிசா மதராசி என்று பெயரிட்டனர். இந்தப் பகுதியிலிருந்து முன்பு சொல்லப்பட்ட மற்ற மார்ஃபிசாக்களையும் அக்கட்டுரை மறுபடி அலசியது. இது ஏட்டளவில் நிற்கும் விவாதம் இல்லை. இறால் குஞ்சுப் பொரிப்பகங்களில் தாய் இறாலுக்குத் தீவனமாகப் பாலிகீட்டாப் புழு கொடுக்கிறார்கள். எந்தப் புழு எந்தக் கரையைச் சேர்ந்தது என்று தெரியாமல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோனால், புழுவோடு நோயும் போகும்.

வகைமாதிரி என்று சொன்னோம். ஒரு சிற்றினப் பெயர் எந்த உடலுக்கு உரியது என்பதற்குச் சாட்சியாக அருங்காட்சியகத்தில் வைக்கப்படும் உடலே அது. பத்திரத்துக்கு மூலப்படி போல என்று வைத்துக்கொள்ளலாம். 2000-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ள பன்னாட்டு விதி, புதிய சிற்றினம் சொல்பவர் வகைமாதிரியை வெளிப்படையாகக் குறித்தே ஆக வேண்டும் என்கிறது. 1940-இல் அந்தக் கட்டாயம் இல்லை. அது மட்டுமின்றி நூலளவுப் புழுக்கள் கண்ணாடித் தகட்டிலோ சிறு குப்பியிலோ நெடுநாள் தாங்குவது கடினம். ஃபார்மலினில் போட்டவற்றிலிருந்து இன்றைய மரபணுச் சோதனைக்குத் தேவையான டி.என்.ஏ. எளிதில் கிடைப்பதும் இல்லை.

ஆகவே சென்னைக் கரையின் இந்தச் சிற்றினங்களை இன்றைய முறையில் உறுதிசெய்ய விரும்புபவர், பெயர் பிறந்த கரையிலேயே மீண்டும் மணல் அள்ள வேண்டும். பருமணல் இருக்கும் அலைவாய்ப் பகுதி, நாள், நீர்மட்டம், நிலநேர்க்கோடு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு, உயிரோடு படமெடுத்த பிறகு, பாதியை வடிவம் கெடாமலிருக்க ஃபார்மலினிலும் பாதியை மரபணுவுக்காகச் செறிந்த எத்தனாலிலும் வைக்க வேண்டும். 1940, 1944 கட்டுரைகளின் படங்களோடு ஒப்பிட்டுப் பொருந்தினால் அவற்றிலிருந்து ஒன்றைப் புதிய வகைமாதிரியாக அறிவிக்க விதியில் இடம் உண்டு. பொருந்தாவிட்டால், புதிய புழு ஒன்று பெயருக்குக் காத்திருக்கிறது என்று பொருள்.